குண்டுமணியில் ஊசி குத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் இணைப்பில் குண்டுமணி வளையல் செய்முறை வந்திருந்தது. விதைகளை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் சூடான ஊசியால் துளை போட்டு நூலில் கோக்க வேண்டும் என்று படத்துடன் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடுத்த இணைப்பிலேயே ஓர் எச்சரிக்கை வெளியிடுங்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அவரைக் குடும்பப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளை வேலியோரம் கூட்டிப்போய் இந்தக் கொடியைக் காட்டுவேன். விதையை யாரும் உடைக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன்.

குண்டுமணிப் பருப்பில் அப்ரின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் என்ற நஞ்சுக்கு நெருங்கிய சொந்தம், அதைவிடக் கடுமையானது. இரண்டு சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறு அது. ஒன்று நம் உடல் செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். மற்றது உள்ளே புகுந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை ஒவ்வொன்றாக முடக்கிவிடும். புரதம் இல்லாமல் செல் செத்துப்போகும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஒன்றிரண்டு விதையை நன்றாக மென்று தின்றாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

அப்படியென்றால் நம் பாட்டிமார் குண்டுமணி போட்டுப் பல்லாங்குழி ஆடவில்லையா, ஆசாரிகள் தங்கம் நிறுக்கத் தராசில் வைக்கவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் கையாண்டது முழு விதையை. அந்தச் சிவப்பு ஓடு தண்ணீரையே எளிதில் உள்ளே விடாது. தெரியாமல் விழுங்கினாலும் ஓடு உடையாத விதை பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஓட்டில் துளை விழுந்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. வளையல் போட்ட குழந்தை மணியை வாயில் வைத்துச் சப்பாமல் இருக்குமா?

ஊறவைக்கும் யோசனையிலும் எனக்குப் பயம் உண்டு. ஒரு ராத்திரி ஊறினால் சில விதைகள் உப்பி இளகும். பல விதைகள் கல் மாதிரி அப்படியே கிடக்கும். வழவழப்பான அந்த ஓட்டில் குழந்தை ஊசியை அழுத்தினால் அது வழுக்கி விரலில் ஏறும். ஏற்கெனவே ஒரு விதையைக் குத்தியெடுத்த ஊசி அது! அப்ரின் வாய் வழியாகப் போவதைவிடத் தோலுக்குள் இறங்கினால் பன்மடங்கு கொடியது. ஆங்கிலேயர் காலத்தில் வட இந்தியாவில் தோலுக்காக மாடுகளைக் கொன்றவர்கள், இந்த விதையை அரைத்து ஊசியாக உருட்டிக் காயவைத்து மாட்டின் உடம்பில் குத்திவிடுவார்களாம். வார்டன், வாடெல் என்ற இருவர் கல்கத்தாவில் இந்த நஞ்சை ஆராய்ந்து 1884இல் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஊசியைச் சூடாக்கச் சொன்னோமே என்று கட்டுரையாளர் நினைக்கலாம். புரதம் என்பதால் சூட்டில் கெடும் என்பது உண்மைதான். நாட்டு மருத்துவர்கள் வேகவைத்துச் சுத்தி செய்வதும் அதற்காகத்தான். ஆனால் ஊசியின் கண நேரச் சூடு துளையின் ஓரத்தைக் கருக்குமே தவிரப் பருப்பை வேகவைக்காது.

இங்கிலாந்தில் கார்ன்வாலில் உள்ள ஈடன் ப்ராஜெக்ட் என்ற தாவரத் தோட்டம், தன் கடையில் விற்ற இதே விதை வளையல்களை 2011இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊர்க் கண்காட்சிகளிலோ இன்றும் கோத்த குண்டுமணி மாலை தாராளமாகக் கிடைக்கிறது.

பிள்ளையார் சதுர்த்தியும் வரும். களிமண் பிள்ளையாருக்குக் குண்டுமணிக் கண் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த முழியின் அழகு வேறெதிலும் வராது. தவழும் குழந்தை உள்ள வீட்டில், பிள்ளையாரை வாளியில் கரைத்தபின் மண்ணைத் துழாவி இரண்டு கண்ணையும் எடுத்துவிடுங்கள், போதும். பல்லாங்குழிக்கு மஞ்சாடி விதையோ புளியங்கொட்டையோ இருக்கிறது. வளையலுக்கு மரமணி இருக்கிறது.

எச்சரிக்கையில் இன்னொன்றையும் சேருங்கள். மென்று தின்ற குழந்தைக்கு உடனே ஒன்றும் தெரியாது. வாந்தி, வயிற்றுவலி, ரத்தப்போக்கு எல்லாம் பல மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று காத்திருக்கக் கூடாது. உப்புக் கரைசல், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மிச்ச விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஆசிரியர் பக்கத்தில் போட்டால் மட்டும் போதாது. எட்டு வயதுப் பிள்ளை இந்தப் பக்கத்தைப் புரட்டாது. வளையல் படம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.