நேம் பிளேட் இல்லாத மோட்டார்

மாப்ளே,

உன் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. காயலான் கடையில் நேம் பிளேட் இல்லாமல் வாங்கிய அந்த சர்வோ மோட்டாரை (சொன்ன வேகத்துக்கும் இடத்துக்கும் துல்லியமாக ஓடும் வகை) சனிக்கிழமை பிரித்துப் பார்க்கப் போகிறாய் என்று பட்டறை அண்ணன் சொன்னார். அதனால்தான் இந்த அவசரக் கடிதம். ஸ்பேனர் கையில் வந்தால் உனக்கு எதையாவது திறந்தே ஆக வேண்டும், கார்புரேட்டர் காலத்திலிருந்தே அப்படித்தான். இதை மட்டும் திறக்காதே.

பழைய டிசி சர்வோக்கள் பலவற்றில் ஆல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம் இருக்கும். உள்ளே சுற்றும் பாகமான ரோட்டாரை வெளியே உருவினால் காந்தப்புலத்துக்கு இரும்புப் பாதை அறுந்து, காந்தத்தின் பலம் இறங்கிவிடும். திரும்ப மாட்டினாலும் ஏறாது. அப்புறம் அதே வோல்ட்டுக்கு வேகம் கூடும், இழுவை குறையும், கரண்டை மட்டும் குடிக்கும்.

வெளியிலிருந்தே முக்கால்வாசி தெரிந்துவிடும். தடித்த வயர் இரண்டு, உடம்பில் திருகு மூடி இரண்டோ நான்கோ இருந்தால் பிரஷ் மோட்டார், அதாவது உரசும் கார்பன் கட்டை வழியாகச் சுருளுக்குக் கரண்ட் போகும் வகை. மூடியைத் திருகி பிரஷைப் பார்க்கலாம். ஆனால் எந்த ஓட்டையிலிருந்து எந்தப் பக்கமாக வந்ததோ அப்படியே போடு. தடித்த வயர் மூன்று இருந்து, எந்த இரண்டுக்கு நடுவிலும் ஒரே ஓம் காட்டினால் அது வேறு இனம், பிரஷ் இல்லாதது. அதில் என்கோடரை (ஷாஃப்ட் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் கருவி) இடத்திலிருந்து அசைக்கவே கூடாது.

பிரஷ் மோட்டார் என்றால், தடித்த இரண்டு வயரையும் ஒன்றாகத் தொடவைத்து ஷாஃப்ட்டைத் திருப்பிப் பார். கை கனத்தால் காந்தமும் சுருளும் உயிரோடு இருக்கின்றன. ஓம் அளக்க மல்டிமீட்டரை நம்பாதே, அதன் வயரே கால் ஓம் தின்னும். ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு 1 ஆம்பியர் விட்டு, மோட்டார் முனையிலேயே வோல்ட்டை அள. ஷாஃப்ட்டை ஐந்தாறு இடத்தில் நிறுத்தி அளந்து சராசரி எடு. 1.2 வோல்ட் என்றால் 1.2 ஓம். ஓரிடத்தில் மட்டும் எகிறினால் கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) ஒரு கட்டை கருகியிருக்கும், இல்லை பிரஷ் சிக்கியிருக்கும்.

அடுத்ததுதான் மோட்டாரின் ஜாதகம். ஷாஃப்ட்டை டிரில்லில் கோத்து 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) சுற்றி, வயரில் வரும் டிசி வோல்ட்டைப் பார். 20 வோல்ட் வந்தால், அதை ஆர்பிஎம்மால் வகுத்து 9.55-ஆல் பெருக்கு: ஆம்பியருக்கு 0.19 நியூட்டன் மீட்டர் இழுவை. உன் 48 வோல்ட் சப்ளையில் சுமையில்லாமல் 2400 ஆர்பிஎம்மை ஒட்டி ஓடும்.

இனி என் பெரிய கவலை. இதே 1.2 ஓம் மோட்டாரை 48 வோல்ட்டில் நேராகப் போட்டால் முதல் நொடியில் 40 ஆம்பியர் பாயும். முழு வேகத்தில் ஓடும்போது சட்டென்று எதிர்த்திசையில் மாற்றினால் கிட்டத்தட்ட 80. காந்தத்தைக் கெடுக்க ரோட்டாரை உருவவே வேண்டாம், அந்தக் கரண்ட்டே போதும். டிரைவில் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டி) கரண்ட் லிமிட் வைக்காமல் இணைக்காதே. முதல் ஓட்டம் 12 வோல்ட் பேட்டரியில், தொடராக ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்போடு.

எவ்வளவு ஆம்பியர் நிரந்தரமாகத் தாங்கும் என்பதைச் சூடு சொல்லும். செம்பின் ஓம் டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும்; 1.2 ஓம் 1.48 ஆனால் சுருள் சுமார் 60 டிகிரி ஏறியிருக்கிறது, அங்கே நிறுத்து. இதற்காக ஷாஃப்ட்டை மணிக்கணக்கில் பூட்டி வைக்காதே, ஒரே கட்டைகள் கருகும். இன்னொரு மோட்டாரைக் கோத்து, அதில் பல்புகளை எரியவிட்டுச் சுமை கொடு.

மெல்லிய வயர்களில், சுற்றும்போது தானாகவே டிசி வோல்ட் தரும் ஜோடி டேக்கோ, அதாவது வேகத்தைச் சொல்லும் குட்டி ஜெனரேட்டர். மீதி என்கோடராக இருக்கும். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூஜ்யம் என்று நிறத்தை நம்பிக் கொடுத்துவிடாதே. என்கோடரின் பின்மூடியை மட்டும் கழற்றி ஐசியைப் பார். 26எல்எஸ்31 (சிக்னலை ஜோடி வயரில் அனுப்பும் ஐசி) இருந்தால் 16ஆம் கால் 5 வோல்ட், 8ஆம் கால் தரை. 2-3, 5-6, 10-11, 13-14 ஜோடி வெளியீடுகள். கரண்ட் வரம்பை 200 மில்லி ஆம்பியரில் வைத்துக் கொடு. ஷாஃப்ட்டை மெதுவாகத் திருப்பினால் ஜோடியில் ஒன்று ஏற மற்றது இறங்கும். சுற்றுக்கு ஒரே தடவை மாறுவது இண்டெக்ஸ், சுற்றின் தொடக்கக் குறி.

மெகர் (அதிக வோல்ட்டில் கசிவைப் பார்க்கும் மீட்டர்) வைப்பதற்குமுன் என்கோடர், டேக்கோ வயர்களைப் பிடுங்கிவிடு. 500 வோல்ட்டில் தடித்த வயரிலிருந்து மோட்டார் உடம்புக்கு 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பெரும்பாலும் கார்பன் தூள்தான். பிரஷ் ஓட்டை வழியாகக் காற்றடி.

ஆறு இடத்து ஓம், 1000 ஆர்பிஎம் வோல்ட், ஐசி நம்பர் மூன்றையும் எழுதி அனுப்பு, டிரைவைப் பற்றிப் பேசுவோம். அதுவரை அந்த 48 வோல்ட் சப்ளை அலமாரியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மச்சான்