850 என்றால் புயல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வானிலைப் பகுதியில் '850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் மேற்குக் காற்று வலுவாக உள்ளது' என்று மொட்டையாகப் போட்டிருந்தீர்கள் (ஹெக்டோபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). செங்கோட்டை டீக்கடையில் அதை உரக்கப் படித்த அண்ணாச்சி ஒருவர், "புயலுக்கே தொள்ளாயிரத்து எண்பது, தொண்ணூறுன்னுதான போடுவான், எண்ணூத்தி அம்பதுக்கு எறங்கிட்டுன்னா ஊரு தாங்குமாடே?" என்றார். கேள்வி நியாயம்தான். 1979-இல் பசிபிக்கில் வீசிய டிப் புயலின் நடுவிலேயே கடல்மட்ட அழுத்தம் 870-க்குத்தான் இறங்கியது.

ஆனால் நீங்கள் போட்டது தரையின் அழுத்தம் இல்லை. மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், 850-க்கு வரும் இடம் சுமார் 1500 மீட்டர் உயரம், நம் அகத்தியமலை உச்சியே (1868 மீட்டர்) அதைத் தாண்டி நிற்கிறது. தரையோரக் காற்று மரத்திலும் வீட்டிலும் முட்டித் தடுமாறும், அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லாத உயரம் இது, அரபிக்கடலிலிருந்து ஈரத்தை அள்ளிவரும் காற்றின் வேகமும் இங்கேதான் நன்றாகத் தெரியும். ஆரியங்காவு கணவாய் தாண்டிச் சாரல் வருமா என்று பார்க்கிறவர்கள் 850 படத்தைத் தேடுவது அதனால்தான்.

சரி, மீட்டரிலேயே சொல்லித் தொலைக்கலாமே? வானிலை பலூனில் கட்டிவிடும் கருவி காலங்காலமாக அளந்தது அழுத்தத்தைத்தான், உயரத்தை அப்புறம் கணக்குப் போட்டு எடுத்தார்கள். இப்போது ஜிபிஎஸ் இருந்தும் விடவில்லை, ஏனென்றால் அழுத்தத்தை அளவுகோலாக வைத்தால் காற்றோட்டச் சமன்பாடுகளில் அடர்த்தி என்ற தலைவலி கழன்றுவிடுகிறது. இன்னொன்று, 500 மட்டத்துக்குக் கீழே வளிமண்டலத்தின் பாதிக் காற்று அடங்கிவிடும். நம் பக்கம் அது 5800 மீட்டர் வாக்கில் இருக்கும், குளிர்ந்த காற்று உள்ள இடத்தில் தாழ்ந்துவிடும், அந்த ஏற்ற இறக்கமே ஒரு தகவல்.

கேரளத்தில் பருவமழை தொடங்கியதாக அறிவிக்கக்கூட மழை மட்டும் போதாது, மேற்குக் காற்று 600 மட்டம் வரை நிறைந்திருக்கிறதா, 925-இல் 15 முதல் 20 நாட் (மணிக்குச் சுமார் 28 முதல் 37 கிலோமீட்டர்) வேகம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அந்த அறிவிப்புக்குக் காத்திருக்கும் எங்களுக்கு இந்த எண்கள் புரிய வேண்டாமா?

இனி 850 என்று போட்டால் பக்கத்திலேயே 'சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்' என்று சேர்த்துவிடுங்கள். இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், ராசிபலனுக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
புளியரை வாசகன்