இடைவெளியைப் பார்த்து ஸ்பிரிங் வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைத் தாழ்த்துவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய அலாய் வீல் போட்ட பிறகு டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு) நடுவே தெரிகிற இடைவெளியை மறைக்க 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நம்பி யாராவது நாளைக்கே கடைக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இடைவெளி நிஜமாகவே கூடியிருக்கிறதா என்று பாருங்கள். 195/65 ஆர்15 டயரின் (195 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 அங்குல ரிம்) மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ., அதைக் கழற்றிவிட்டு 225/45 ஆர்17 போட்டாலும் அதே 634தான், ஏனென்றால் ரிம் 2 அங்குலம் வளர்ந்த அளவுக்கு டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கு மேலும் கீழும் 127லிருந்து 101 மி.மீ.க்குக் குறைந்துவிடுகிறது. ரப்பர் மெலிந்து ரிம் பெரிதாகத் தெரிவதால் மேலே இருக்கும் வெற்றிடம் கண்ணில் உறுத்துகிறது, அவ்வளவுதான். உண்மையில் மாறியது அகலம். 30 மி.மீ. கூடியதில் பாதி வெளிப்பக்கம் போகும், புது ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு பொருந்தும் முகம் எவ்வளவு மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்ற அளவு) 45க்குப் பதில் 35 என்றால் அதோடு இன்னொரு 10 சேரும். ஆக டயரின் வெளி ஓரம் 25 மி.மீ. ஃபெண்டரை நோக்கி வந்துவிட்டது. இந்த நிலையில் காரையும் கீழே இறக்கினால் என்ன ஆகும்?

என் காரில் ஆனது இது. கடையில் யாரும் எதையும் அளக்கவில்லை, 40 மி.மீ. ஸ்பிரிங்கை மாட்டி அனுப்பிவிட்டார்கள். தனியாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த அன்று ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் வெளித் தோளில் சுற்றிலும் ஒரு கோடு, ஃபெண்டரின் மடித்த விளிம்பு அறுத்த கோடு, நகத்தை வைத்தால் உள்ளே இறங்கும் ஆழம். ஷாக் அப்சார்பரின் பம்ப் ஸ்டாப்பும், அதாவது அது முழுசாக அமுங்கும்போது தாங்குகிற மெத்தைக் கட்டையும், நசுங்கிப்போயிருந்தது. குடும்பத்தை உட்காரவைத்துக்கொண்டு அந்த டயரில் போயிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஷாக்கின் பளபளப்பான தண்டில், வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை ஒன்றைச் சுற்றி, ஷாக்கின் உடலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகிற சாலைகளில் வழக்கமான ஆட்களோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். சஸ்பென்ஷன் அதிகபட்சமாக எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் டை நின்றிருக்கும். அதற்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே மிஞ்சியிருப்பதுதான் உங்கள் கையிருப்பு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் ஸ்டிரட் வகை சஸ்பென்ஷனில் 25 மி.மீ. மிச்சம் இருக்கும்போது 40 மி.மீ. இறக்கினால் கணக்கு உதைக்கும். புது ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் கொஞ்சம் ஈடுகட்டும், முழுசாக அல்ல. அப்புறம் ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி ஸ்டியரிங்கைக் கடைசிவரை இரண்டு பக்கமும் திருப்பி, டயருக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய ஷாக்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால் 25, மிஞ்சிப்போனால் 30 மி.மீ.யோடு நிறுத்துங்கள் என்பது என் கருத்து. அதற்கு மேல் வேண்டுமென்றால் நீளம் குறைந்த ஷாக்கும் சேர்த்து வாங்க வேண்டும். உங்கள் காரின் முன், பின் அச்சுகளின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கா என்றும் கேளுங்கள், ஒரே மாடலில் டீசல் எஞ்சினுக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கும் எடை வேறு. இருக்கிற ஸ்பிரிங்கை அறுத்து இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகர்ந்துவிடலாம்.

மாட்டிய பிறகு சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும், தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட், குறிப்பாக டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்), கட்டாயம் சரிபார்க்கணும். ஹெட்லைட் உயரமும்தான்.

நான் இப்போது 25 மி.மீ. ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டேன், தேய்ந்த டயரையும் மாற்றினேன். அதே மூன்று பேர், அதே பள்ளம், சத்தம் இல்லை. ஃபெண்டருக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி இன்னும் தெரிகிறது, தெரியட்டும். அந்த 40 மி.மீ. வரிக்கு அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்கள், அதோடு இந்த டை கட்டி அளக்கும் முறையையும் ஒரு படத்தோடு வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்