இணையதளத்துக்கும் நிறைவுச் சான்று வேண்டும்

தமிழ்நாட்டின் மாநகராட்சி மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவள். பள்ளி ஆசிரியை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் துணையோடு கைப்பேசியும் கணினியும் பயன்படுத்துகிறேன். வினாத்தாள் தயாரிப்பது, மின்கட்டணம் கட்டுவது, ரயில் டிக்கெட் எடுப்பது எல்லாம் நானேதான். இதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். எங்களுக்கு எப்போதும் யாராவது கூட இருந்து செய்து கொடுப்பார்கள் என்று பல அலுவலகங்களில் நினைத்துக்கொள்கிறார்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். டேட்டா தீர்ந்துவிட்டது, பஸ் தாமதம், வீட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அங்கே இலவச வைஃபை இருப்பதாகப் பக்கத்திலிருந்தவர் சொன்னார். இணைத்தேன். நுழைவுப் பக்கம் திறந்தது. திரைவாசிப்பான் காதுக்குள் சொன்னது: "பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன். படம். பெயரிடப்படாத பட்டன்." எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு சொல்கூட இல்லை. விரலால் தடவித் தடவி எண் இடும் பெட்டியைக் கண்டுபிடித்தேன். ஓடிபி வந்தது. அதைக் கேட்கக் குறுஞ்செய்திப் பக்கம் போனதும் நுழைவுப் பக்கம் மூடிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஓடிபியைக் கேட்டுவிட்டேன், ஆனால் அது "நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து" என்று வாசிக்கப்பட்டது. ஹாரன் சத்தத்துக்கு நடுவே அதை நான்கு, எட்டு, இரண்டு என்று மனத்துக்குள் பிரித்து இடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மூன்றாவது முறை கைப்பேசியைப் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவரிடம் கொடுத்துவிட்டேன். என் வங்கிச் செய்திகள் வந்து விழும் அதே பெட்டியை, முன்பின் தெரியாத ஒருவரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நல்ல பிள்ளை, அரை நிமிடத்தில் முடித்துக் கையில் கொடுத்தார். அவர் நல்லவராக இருந்தது என் அதிர்ஷ்டம். ஒரு பொதுச் சேவையை அதிர்ஷ்டத்தை நம்பியா நான் பயன்படுத்த வேண்டும்?

வைஃபை ஒரு உதாரணம்தான். சொத்து வரி கட்டப் போனால் கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளைப் பார்த்து இடச் சொல்லும் கேப்சா நிற்கிறது, அதற்கு ஒலி வடிவம் இல்லை. ஒலி வடிவம் வைத்தாலும் காதும் கேட்காத பார்வையற்றவருக்கு அதனால் பயனில்லை. அறிவிப்புகளின் கதை இன்னும் மோசம். ஒருமுறை எனக்கு வந்த அறிவிப்பு ஒன்று பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கண்ணுக்கு அது அழகான தமிழாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த எழுத்துருவில் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று அச்சாகும் இடத்தில் என் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று படித்தது. இரண்டு பக்கம் முழுக்க அப்படியே. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை நம் அரசு தரமாக அறிவித்தது 2010இல். ஆணை பிறந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் பழைய எழுத்துருக்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட்டால் அது வெறும் படம், படிக்க எழுத்தே இல்லை, வெறும் மௌனம்தான்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு மின்னணு ஊடக உள்ளடக்கம் எல்லாம் அணுகத்தக்க வடிவில், அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி, இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்லாது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்க உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்தவர்களிடம் 'கண் சிமிட்டிக் காட்டு' என்று கேட்கும் அடையாளச் சரிபார்ப்பைப் பற்றிய வழக்கு அது. இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் நான் உங்களிடம் பேச வந்தது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவைப் பற்றி. அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது. பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது. நிறைவுச் சான்று என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அது உங்கள் அலுவலகங்களிலேயே நாள்தோறும் புழங்கும் தாள். சாய்தளம் இல்லாத கட்டடத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதே மாநகராட்சி ஒரு செயலியையோ வைஃபை நுழைவுப் பக்கத்தையோ திறந்துவைக்கும்போது, அதை நிறுத்திக் கேள்வி கேட்கும் தாள் எதுவும் இல்லை. அந்தத் தாளை நீங்களே உருவாக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

உங்கள் மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். மாநகராட்சிக்காக உருவாகும் எந்த இணையதளமும், செயலியும், வைஃபை சேவையும் அணுகல் சான்று இல்லாமல் மக்களுக்குத் திறக்கப்படாது. சான்று கிடைக்கும்வரை ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகை வழங்கப்படாது. இதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள். மென்பொருளை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் சோதனை மட்டும் போதாது. பார்வையற்றவர், காது கேளாதவர், கை நடுங்கும் முதியவர் உட்கார்ந்து உண்மையாகவே வரி கட்டிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு உரிய ஊதியமும் தர வேண்டும்.

செலவு அதிகமாகுமே என்று அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார். பட்டனுக்குப் பெயர் வைப்பது ஒரு வரி வேலை. கட்டி முடித்த பிறகு சுவரை இடித்துச் சாய்தளம் போடுவதுதான் செலவு என்பது கட்டட அனுமதி கொடுக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

வைஃபை பற்றித் தனியாகக் கொஞ்சம். 2023-24 நிதிநிலை அறிக்கையில் சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலம் ஆகிய ஏழு மாநகராட்சிகளின் முக்கிய இடங்களில் இலவச வைஃபை தருவதாக அரசு அறிவித்தது. மகிழ்ச்சியோடு வரவேற்றேன். பயன்படுத்துபவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் நிபந்தனை, அதை நான் எதிர்க்கவில்லை. ஓடிபிக்குப் போதிய நேரம் கொடுங்கள். எண்களை இடைவெளி விட்டு அனுப்புங்கள், திரைவாசிப்பான் ஒவ்வொன்றாகப் படிக்கும். ஒருமுறை பதிவு செய்தவரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் மறுபடி பதிவு செய்ய வைக்காதீர்கள். கைப்பேசி எண்ணே இல்லாதவருக்கு, அடையாள அட்டையைக் காட்டினால் கடவுச்சொல் தரும் ஓர் ஆள் அலுவலக நேரத்தில் இருக்கட்டும்.

2022 நவம்பரில் மெரினாவில் மரப்பாதை திறந்தபோது, சக்கர நாற்காலியில் இருக்கும் என் தோழி முதன்முறையாக அலைக்குப் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். அன்றிரவு தொலைபேசியில் ஒரு மணி நேரம் கடலைப் பற்றியே பேசினாள். அடுத்த மாதம் மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியபோது, அது போனது போகட்டும் என்று விடாமல் மாநகராட்சி சரிசெய்தது. மனம் வைத்தால் உங்களால் முடியும் என்பதை அப்போது அறிந்துகொண்டேன். அதனால்தான் இந்த மடல்.

இதை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். பதிலையும் அப்படியே அனுப்புங்கள். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால், அதைப் படித்துக்காட்ட நான் வேறொருவரைத் தேட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை