நீ கொடுத்த தொடரைப் பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் செய்தால் "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை, அதனால் மெயிலில் அடிக்கிறேன், நேரம் கிடைக்கும்போது படி. பொங்கலுக்கு வந்தபோது டிவியில் போட்டுப் பார்க்கச் சொல்லிப் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போனாயே, இளைஞர்களுக்கான பொருளாதார நெருக்கடித் தொடர் என்று, அதை ட்யூஷன் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று பாகமும் பார்த்து முடித்தேன். "செமையா எடுத்திருக்கான்மா" என்றாய். எடுத்திருக்கிறான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலமெல்லாம் பிளஸ் டூவுக்குப் பொருளியல் நடத்தியவள் கையில் கொடுத்தால் சிவப்பு மை படாமல் திரும்பி வருமா?

முதல் பாகம் அமெரிக்காவின் 2008. ஒரே ஓட்டம். உயரக் கட்டடங்கள், திரையில் ஓடும் எண்கள், நெஞ்சு அதிரும் இசை, செப்டம்பர் 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்ததும் ஊழியர்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிற காட்சி. அந்த அட்டைப்பெட்டியை எத்தனை தடவைதான் காட்டுவார்கள்! விஷயம் இருக்கிற இடம் வேறு. வருமானச் சான்றுகூடக் கேட்காமல் வீட்டுக்கடன் கொடுத்தது, முதல் இரண்டு வருஷம் வட்டியைக் குறைத்துக் காட்டிவிட்டு மூன்றாம் வருஷம் ஏற்றியது, அந்தக் கடன்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி வேறு ஆள் தலையில் விற்றது, விற்கிறவனிடமே கூலி வாங்கிக்கொண்டு ரேட்டிங் நிறுவனங்கள் அதற்கு ‘ஏஏஏ’, அதாவது ரொம்பப் பத்திரமானது என்று முத்திரை குத்தியது. இத்தனையும் ஒரு கார்ட்டூன் படத்தில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. நான் நிறுத்தி, போர்டில் வட்டிக் கணக்குப் போட்டு, மூன்றாம் வருஷம் தவணை எங்கே போய் நிற்கும் என்று காட்டிய பிறகுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. ஒரு பெண் நோட்டில் அதை எழுதிக்கொண்டே, "டீச்சர், இது எங்க மாமா எடுத்த பைக் லோன் மாதிரியே இருக்கு" என்றாள்.

மிச்ச நேரமெல்லாம் யாருக்கு என்று நினைக்கிறாய்? சரிவு வரும் என்று முன்னாலேயே பந்தயம் கட்டிக் கோடி கோடியாய்ச் சம்பாதித்த ஆட்களுக்கு. அவர்கள் பேச்சு, அவர்கள் சிரிப்பு, கடைசியில் ஜெயித்த முகம். வீடு போனவர்கள் ஒரு தெருவில் வரிசையாக நின்றதோடு சரி, பெயர்கூடப் போடவில்லை. படம் முடிந்ததும் ஒரு பையன் கேட்கிறான், "டீச்சர், அந்த மாதிரி பந்தயம் நாமளும் கட்டலாமாம், போன்லயே செய்யலாமாமே?" எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை எடுத்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று நிதியாண்டுகளில், பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், எல்லோருக்குமாகச் சேர்த்து 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் இறங்குகிறவர்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே வருஷத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகிவிட்டார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அப்போ நூத்துல ஏழு பேர் ஜெயிக்கிறாங்கல்ல டீச்சர்?"

அந்தப் படம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஏழு பேரைத்தான்.

நீ அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். என் வகுப்பில் படித்து, என் கையாலேயே தாள் திருத்தவிடாமல் அடுத்த ஊர் டீச்சரிடம் கொடுக்கச் சொன்ன பிள்ளை நீ. அக்கா கல்யாணத்தில் பந்தல் செலவை யாரிடமும் சொல்லாமல் நீயே கட்டியதை உன் சித்தப்பா இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் சொல்கிறேன், எதையும் கடன் வாங்கிச் செய்யாதே. வேளைக்குச் சாப்பிடு.

ஊரில் சம்பா அறுவடை முடிந்தது. நெல் இன்னும் கொள்முதல் நிலையத்து வாசலில்தான் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள், அப்பா தார்ப்பாயும் கையுமாக அங்கேயே காவல். அப்பாயிக்கு முட்டிவலி பரவாயில்லை. மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான்.

இரண்டாம் பாகம் நம் நாட்டின் 1991. இதில்தான் எனக்கு ரொம்பக் கோபம். நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங் ஜூலை 24ஆம் தேதி பட்ஜெட் வாசித்தார், கதவு திறந்தது, நாடு பிழைத்தது என்று சினிமாக் கதை போல முடித்துவிட்டான். அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும், எண்ணெய் விலை ஏறியதும், அங்கே வேலை பார்த்த நம் ஆட்களை லட்சத்துக்கு மேல் விமானத்தில் அள்ளிக்கொண்டு வந்ததும், அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த பணம் நின்றதும் எங்கே? மேலத்தெரு மாமா ஒரே ஒரு ரெக்சின் பையோடு வந்து இறங்கினார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாயே, அவரை நிறுத்திப் பேசவைத்தால் போதும், பிள்ளைகளுக்கு அந்நியச் செலாவணி என்றால் என்னவென்று புரிந்துவிடும். டாலர் கையிருப்பு சில வார இறக்குமதிக்குக்கூடத் தேறாத நிலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்து 40 கோடி டாலர் வாங்கியது. நாற்று நடவுக்குக் கை முட்டினால் காசுமாலையைத் துணியில் முடிந்துகொண்டு அடகு வைக்கக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிற நம் வீட்டுக் கதைதான் அது. ஆனால் நாம் போகும்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் போவோம். அரசாங்கம் சத்தமில்லாமல் அனுப்பியது, பத்திரிகையில் வந்த பிறகுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. கோபப்பட்டார்கள்தான், அப்புறம் புரிந்துகொண்டார்கள். படத்தில் இந்த இடம் ஒரு வரி. ஒரு வீட்டுக்காரன் யாரிடமும் சொல்லாமல் கடனை மூடி வைத்தால் அது என்னவாக வளரும் என்று பதினேழு வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

போன வாரம் மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினாள். உன் பெயரைச் சொல்லி, "இவர் உங்களுக்கு என்ன வேணும் மேடம், ரெஃபரன்ஸ்ல உங்க நம்பர் இருக்கு, அவர் எடுக்க மாட்டேங்கிறார்" என்றாள். என்ன விஷயம் என்றால் சொல்லவில்லை. அப்பா கொல்லைப்பக்கமிருந்து யாரென்று கேட்டார், சிலிண்டர் புக்கிங் என்றேன். ஆள் மாறிப் பண்ணியிருப்பார்கள். கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் இப்படித்தான் யார் நம்பரையாவது பிடித்துக்கொண்டு நச்சரிக்கிறார்கள் என்று அக்காகூடச் சொன்னாள். அவளிடம் உன் பெயரைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன்.

மூன்றாம் பாகம் இலங்கை. அன்றைக்கு அப்பாவும் வந்து உட்கார்ந்தார். 2022 ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினான், பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்கு முந்தின வருஷம் ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியது ஒரு வாக்கியம். 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து கஜானாவைக் காலி செய்ததும், ஈஸ்டர் குண்டுவெடிப்பிலும் கொரோனாவிலும் சுற்றுலா வருமானம் போனதும் ஒரு வாக்கியம்கூட இல்லை. அப்பா நடுவில் எழுந்துவிட்டார். "யூரியா இல்லாம அடுத்த போகம் என்ன ஆகும்னு ஒரு விவசாயியக் கேட்டிருக்கலாம்ல, அவனே சொல்லியிருப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே தார்ப்பாய் பார்க்கப் போனார். கோடியக்கரையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் நடந்தது இது. பால்மாவுக்கு வரிசையில் நின்று முடியாமல் தனுஷ்கோடிக்குப் படகேறி வந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலில் போனது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் நீச்சல் குளமா?

நல்ல படமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீ காலேஜ் படிக்கும்போது எனக்குப் போட்டுக் காட்டிய ‘இன்சைட் ஜாப்’ இருக்கிறதே, அதே 2008 நெருக்கடியைப் பற்றி 2010இல் வந்தது, அதைப் பிள்ளைகளுக்கு இந்த வாரம் போட்டேன். அது வால் ஸ்ட்ரீட்டில் தொடங்காது, ஐஸ்லாந்தில் தொடங்கும். சின்ன நாடு, மூன்று வங்கி, 2008 அக்டோபரில் மூன்றும் விழுந்தன. சின்னதாக இருப்பதால் எது எதைத் தள்ளியது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ‘ஐஸ்லாந்தின் நிதி நிலைத்தன்மை’ என்று காசு வாங்கிக்கொண்டு 2006இல் அறிக்கை எழுதிய பேராசிரியர், தன் தகுதிப் பட்டியலில் அதையே ‘நிலையின்மை’ என்று போட்டுக்கொண்டதைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் போகிற போக்கைக் காட்டுவார்கள் பார், பிள்ளைகள் அதற்குத்தான் நிஜமாகச் சிரித்தார்கள். பெரியவர்களுக்கு எடுத்த படம்தான், ஆங்கிலம் வேறு, நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் ஒருத்தன்கூடப் பந்தயம் கட்டலாமா என்று கேட்கவில்லை.

நம்மூரில் கதைக்குப் பஞ்சமா? 1906 அக்டோபரில் சென்னையில் வங்கித் தொழில் செய்த அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. சேமிப்பைப் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள், முதலாளியான வெள்ளைக்காரருக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது, அந்தக் கோபத்தில்தான் அடுத்த வருஷமே இந்தியன் வங்கி பிறந்தது. அதற்கு ஓடியாடிய வக்கீல் கிருஷ்ணசாமி ஐயர் நம் திருவிடைமருதூர்க்காரர். இதை ஒரு மணி நேரம் எடுக்க எந்த டிவிக்காவது தோன்றுகிறதா? நீ எழுதுவாய், உனக்கு அந்தக் கை உண்டு. ஒன்பதாவதில் மேட்டூர் அணை திறக்காத வருஷம் பற்றி நீ எழுதிய கட்டுரையை எங்கள் தலைமையாசிரியை பிரேயரில் வாசித்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு ராத்திரி பகலாக அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

மாட்டுப் பொங்கலன்று காலை ஒன்பதேகாலுக்கு மாடிக்குப் போனவன் மூன்றரைக்குத்தான் இறங்கி வந்தாய். கொம்புக்கு வர்ணம் பூச அப்பா கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. ஒன்பதேகால் பங்குச் சந்தை திறக்கிற நேரம், மூன்றரை மூடுகிற நேரம், இந்தக் கணக்கு பொருளியல் டீச்சருக்குத் தெரியாதா தம்பி?

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவார், பத்து மணிக்கு மேல் கூப்பிடு. எவ்வளவு, யார் யாரிடம், என்ன வட்டி, இது மட்டும் சொல். ஏன் எப்படி என்று கேட்க மாட்டேன், வாய் தவறிக் கேட்டாலும் நீ பதில் சொல்ல வேண்டாம். இதை அடைக்க இன்னொரு கடன் மட்டும் வாங்காதே, விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னொரு தடவை இறங்காதே. அக்காவிடம் கேட்காதே. காசுமாலை வீட்டில்தான் இருக்கிறது, சங்கத்து வட்டி உன் கடன் ஆப் வட்டி மாதிரி கழுத்தைப் பிடிக்காது. அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் நம்பரை எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா