முகத்து முடியை நீக்கும் முறை: முகத்துக்கு முகம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெண்களின் மேலுதட்டிலும் தாடையிலும் கன்னத்தின் ஓரங்களிலும் வளரும் முடியை நீக்குவது பற்றிப் பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பகுதிகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. எந்த முறை சிறந்தது என்பதற்கு அவற்றில் பல ஒரே வரியில் விடை சொல்லிவிடுகின்றன. யாருடைய முகத்துக்கு என்று கேட்பதே இல்லை. கறுத்த தோலும் தடித்த கறுப்பு முடியும் உள்ளவருக்குப் பொருந்துகிற முறை, தாடையில் நான்கைந்து நரைமுடி மட்டும் உள்ளவருக்குச் சிறிதும் உதவாது. மாதவிடாய் ஒழுங்காக வராத இளம்பெண்ணுக்கோ, முடியில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. இந்த வேறுபாடுகள் எதுவும் தெரியாமல் விளம்பரத்தை நம்பிப் போய், முடி போன இடத்தில் கருந்திட்டுகளையும் தழும்புகளையும் வாங்கிக்கொண்டு வருகிற பெண்களை நினைத்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முகத்தில் முடியே இல்லாத பெண் என்று யாரும் இல்லை. நெற்றி முதல் கழுத்து வரை மெல்லிய பூனைமுடி எல்லோருக்கும் உண்டு. ஆண்களுக்குரியது என்று நாம் நினைக்கும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் பெண் உடலிலும் சிறிதளவு சுரக்கிறது. அதன் அளவு கூடினாலோ, அளவு சரியாக இருந்தும் மயிர்க்கால்கள் அதற்கு அதிகமாக இணங்கினாலோ, அந்தப் பூனைமுடி தடித்துக் கறுத்து, ஆண்களுக்கு வளரும் இடங்களில் வளரத் தொடங்குகிறது. கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களில் 100க்கு 5 முதல் 10 பேர் வரை இவ்வாறு பாதிக்கப்படுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இதற்கு மிகப் பொதுவான காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு. மாதவிடாய் தள்ளிப்போவது, எடை கூடுவது, முகப்பரு குறையாமல் இருப்பது ஆகியவை கூடவே இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரைத்தான். சில மாதங்களுக்குள்ளேயே முடி வேகமாகத் தடித்து, குரலும் கனத்து, உச்சந்தலையில் முடி கொட்டவும் தொடங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருப்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். இது அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. தலைமுடி உதிர்வுக்காகத் தடவும் மினாக்சிடில் மருந்தும் முகத்தில் முடி வளரச் செய்வதுண்டு. மாதவிடாய் நின்ற பிறகு தாடையில் சில முரட்டு முடிகள் முளைப்பதோ மிகச் சாதாரணமானது. அதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

இனி முறைகளுக்கு வருகிறேன். எல்லோரும் ஒதுக்கும் ரேசரிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஏனெனில் பெண்களுக்கு இந்த விஷயத்தில் இழைக்கப்பட்டிருக்கும் பெரிய அநீதி அதைப் பற்றிய பொய்தான். மழித்தால் முடி தடித்து அடர்ந்து வளரும் என்று பாட்டி அம்மாவுக்குச் சொல்லி, அம்மா மகளுக்குச் சொல்லி, அழகு நிலையத்தில் வேலை செய்பவரும் அதையே சொல்லி, கடைசியில் அச்சிலும் ஏறிவிட்டது. முடி உருவாவது தோலுக்கு அடியில் உள்ள வேரில். தோலுக்கு வெளியே நிற்பது உயிரற்ற இழை. அதை வெட்டியது வேருக்குத் தெரிவதற்கு வழியே இல்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்து, மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். பிறகு ஏன் சொரசொரப்பாகத் தெரிகிறது? தானாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். வெட்டிய முடியின் முனை மொட்டையாக இருக்கும். அந்த மொட்டை முனைதான் விரலில் முள்ளாகக் குத்துகிறது. மேலும், ஹார்மோன் மாற்றத்தால் முடி தடிக்கத் தொடங்குகிற காலத்தில்தான் பல பெண்கள் முதன்முதலில் ரேசரைத் தொடுகிறார்கள். தடித்ததன் பழி ரேசர் மேல் விழுந்துவிடுகிறது.

வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவி, நுரையோ ஜெல்லோ தடவி, புதிய பிளேடால் முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்து, பிறகு ஈரப்பதம் தரும் க்ரீம் தடவிக்கொண்டால் போதும். ஒருவர் பயன்படுத்திய ரேசரை இன்னொருவர் தொடக் கூடாது. தடித்த முடி உள்ளவர்கள் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மழிக்க வேண்டியிருக்கும் என்பதும், சுருள்முடி உள்ளவர்களுக்குச் சிறு கொப்புளங்கள் வரலாம் என்பதும் இதன் குறைகள். ஆயினும், தாடை முழுதும் தடித்த முடி உள்ள, கறுத்த தோல் கொண்ட பெண்களில் பலருக்கு வேறு எதையும் விட இது பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன். சவரம் செய்வது பெண்மைக்கு இழுக்கு என்ற எண்ணத்தைத் தவிர இதற்குத் தடையாக நிற்பது எதுவும் இல்லை.

வேரோடு பிடுங்கும் முறைகளில், நூலைக் கொண்டு செய்யும் திரெடிங் மேலுதட்டின் மெல்லிய முடிக்கு நன்றாகப் பொருந்துகிறது. சில வாரங்களுக்குக் கவலை இல்லை. அதே நூலைத் தாடைக்குக் கொண்டு போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தாடையின் அடிப்புறத்தில் முடி பல திசைகளில் வளைந்து வளர்கிறது. இழுக்கும்போது பாதி முடி வேரோடு வராமல் தோலுக்குள்ளேயே ஒடிந்துவிடும்; மீண்டும் முளைக்கும்போது அது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டு, தொட்டால் வலிக்கும் சிவந்த பருவாக எழும்பும். ஊசியாலும் இடுக்கியாலும் அதைக் கிளறுவார்கள். பரு ஆறிய இடத்தில் கருப்புப் புள்ளி நிற்கும். கறுத்த தோலில் அந்தப் புள்ளி மறையப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் பக்கத்தில் இன்னும் பத்துப் புள்ளிகள் சேர்ந்திருக்கும். முடியை மறைக்கப் போனவர்கள் பிறகு திட்டுகளை மறைக்க மேக்கப் தேடுவது இப்படித்தான்.

வேக்சிங் செய்துகொள்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பருவுக்காகவோ சுருக்கத்துக்காகவோ ரெட்டினாய்டு வகை க்ரீம் தடவி வருபவர்களுக்குத் தோலின் வெளியடுக்கு மெலிந்திருக்கும். மெழுகை உரிக்கும்போது தோலும் சேர்ந்து உரிந்து வந்துவிடலாம். கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை நிறுத்திய பிறகும் 6 மாதம் காத்திருக்க வேண்டும். இதை விசாரித்துவிட்டு மெழுகைத் தொடும் அழகு நிலையங்கள் எத்தனை என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். முடி நீக்கும் க்ரீம்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முடியின் கெரட்டின் புரதத்தைக் கரைக்கும் காரப்பொருள்தான் அது, தோலின் மேலடுக்கிலும் கெரட்டின் இருக்கிறது. எனவே முகத்துக்கு என்று குறிப்பிட்டதை மட்டும், ஒரு நாள் முன்னதாகச் சிறிய இடத்தில் தடவிப் பார்த்த பிறகு, குறித்த நிமிடத்துக்கு மேல் வைக்காமல் பயன்படுத்த வேண்டும்.

அதிகப் பணமும் அதிக ஏமாற்றமும் புழங்குவது லேசரில். லேசரின் ஒளியை முடியிலுள்ள மெலனின் நிறமி உறிஞ்சிக்கொள்ள, அந்தச் சூடு மயிர்க்காலைச் சிதைக்கிறது. ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1983இல் விளக்கிய கொள்கையின் மேல் நிற்கும் நல்ல அறிவியல் இது. குறை அறிவியலில் இல்லை, விற்பனையில் இருக்கிறது. தோலிலும் அதே மெலனின்தான் இருக்கிறது. தோல் எவ்வளவு கறுப்போ அவ்வளவு சூட்டை அதுவும் வாங்கிக்கொள்ளும். கருவி பொருந்தாவிட்டால் கொப்புளமும் தழும்பும் மிஞ்சும். 755 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அலெக்சாண்டிரைட் லேசர் வெளுத்த தோலுக்கு ஏற்றது. 1064 நானோமீட்டர் கொண்ட என்டி-யாக் லேசரின் ஒளியை மேல்தோல் குறைவாக உறிஞ்சுவதால் கறுத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பு. எந்த லேசர், என்ன அலைநீளம், என் தோலுக்கு ஏன் அது என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் படுக்கையிலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. ஐ.பி.எல். என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் ஒளிக்கருவிகளில் பலவற்றை மிகக் கறுத்த தோலில் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆனால் அது சிறிய எழுத்தில் இருக்கிறது.

வளரும் பருவத்தில் இருக்கும் முடியையே லேசர் தாக்கும் என்பதால் 4 முதல் 6 வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவை. அதற்கு முந்தைய வாரங்களில் முடியைப் பிடுங்கவே கூடாது, மழிக்கலாம். நரைமுடியையும் செம்முடியையும் லேசர் ஒன்றும் செய்யாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லேசருக்கு அனுமதித்திருக்கும் சொல் ‘நிரந்தரக் குறைப்பு’. ‘நிரந்தர நீக்கம்’ அன்று. ஹார்மோன் கோளாறு தொடரும் வரை புதிய மயிர்க்கால்கள் தடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், இத்தகைய பெண்கள் அவ்வப்போது மீண்டும் போக வேண்டியிருக்கும். எந்த விளம்பரமும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சில பெண்களுக்கு, குறிப்பாகக் கன்னத்திலும் கழுத்திலும், லேசர் பட்ட பிறகு முடி குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுகிறது. கறுத்த தோலும் ஹார்மோன் கோளாறும் உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஆகவே கன்னத்தின் பூனைமுடிக்கு லேசர் போட்டுக்கொள்ளாமல் இருப்பதே அறிவுடைமை.

நிரந்தர நீக்கம் என்று அதே நிர்வாகம் ஏற்றுக்கொண்டுள்ள முறை எலக்ட்ராலிசிஸ் ஒன்றே. சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், கண்ணுக்குள் திரும்பி உறுத்தும் இமைமுடிகளை நீக்குவதற்காகக் கையாண்டு, 1875இல் எழுதி வெளியிட்ட முறை இது. முடியைப் போல் மெல்லிய ஊசியை ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் செலுத்தி, மின்சாரத்தால் அதன் வேரை அழிக்கிறார்கள். சரியாகச் செய்தால் இடுக்கியில் பிடித்த முடி இழுபடாமல் வழுக்கி வந்துவிடும். முடியின் நிறமும் தோலின் நிறமும் இதற்குப் பொருட்டல்ல என்பதால், தாடையில் சில நரைமுடிகள் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டும்; தாடை முழுதும் என்றால் ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஊசி ஒருவருக்கு மட்டுமே பயன்படுத்தப்படுவதா என்பதையும், செய்பவரின் பயிற்சியையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மருத்துவர் எழுதித் தரும் எஃப்லோர்னிதின் க்ரீம் முடியை நீக்காது, வளர்ச்சியை மெதுவாக்கும். பலன் தெரிய ஏறத்தாழ 8 வாரங்கள் ஆகும், நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளுக்கு 6 மாதமாவது பொறுக்க வேண்டும். அவற்றில் சில கருவைப் பாதிக்கும் என்பதால் தெரிந்தவர் சாப்பிட்டதைப் பார்த்து வாங்கிச் சாப்பிடவே கூடாது. நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பின், முடியை அப்படியே விட்டுவிட விரும்பும் பெண்ணுக்கு அதற்கான முழு உரிமையும் உண்டு. மருத்துவத்தில் அவரைக் கட்டாயப்படுத்தும் காரணம் ஒன்றும் இல்லை.

1920களில் அமெரிக்காவில், வலியின்றி நிரந்தரமாக முடி நீக்குவதாகச் சொல்லிப் பெண்களின் முகத்தில் எக்ஸ்-கதிர்களைப் பாய்ச்சும் நிலையங்கள் நடந்தன. பல ஆண்டுகள் கழித்து அப்பெண்களில் பலருக்குத் தோல் சுருங்கி, புண்ணாகி, புற்றுநோயும் வந்தது. அந்த நிலையங்களும் விளம்பரத்தால்தான் வளர்ந்தன.

எனவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முகமுடி நீக்கம் பற்றி எழுதும் கட்டுரைகள், எந்தத் தோலுக்கு, எந்த முடிக்கு அந்த முறை பொருந்தும் என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அவற்றை அச்சேற்றும் முன் ஒரு தோல் மருத்துவர் படித்துப் பார்க்க வேண்டும். ‘நிரந்தரம்’, ‘ஒரே அமர்வில்’ என்று வாக்களிக்கும் விளம்பரங்களுக்கு, ஆதாரம் கேட்காமல் இடம் தரக் கூடாது. மழித்தால் தடித்து வளரும் என்ற வாசகம் இனி எந்தக் குறிப்பிலும் வராமல் உதவி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்துவிட்டால், மறுநாளே அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி