கிரான்பெர்ரி நீரில் வளரும் செடியன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் காட்டுக் கிரான்பெர்ரி என்னும் புளிப்புக் கனிக் கொடியைப் பற்றி வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். கட்டுரையுடன் வந்த படத்தில், இடுப்பளவு நீரில் நிற்கும் ஆட்கள் மிதக்கும் சிவப்புக் கனிகளை ஒதுக்கிச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், விஸ்கான்சின் மாநிலப் பண்ணைகளில் அறுவடைக் காலத்தில் காணக்கூடிய காட்சி அது. கனியினுள் காற்றறைகள் இருப்பதால் அது மிதக்கிறது. அந்த வசதிக்காகவும், குளிர்காலத்தில் கொடிகளை உறைபனியிலிருந்து காப்பதற்காகவுமே வயலில் நீரைத் தேக்குகிறார்கள். அப்படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு காட்டுச் செடியைத் தேடுபவர் குளத்தங்கரையில்தான் போய் நிற்பார்.

இந்தக் குழப்பத்தில் நம் சொல்லுக்கும் பங்கு உண்டு. அலையாத்திக் காட்டையும், நாணல் மண்டிய நீர்நிலையையும், வடதிசைக் குளிர்நாடுகளின் பாசிப்படுகையையும் ‘சதுப்பு நிலம்’ என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். கிரான்பெர்ரி வளர்வது இவற்றுள் கடைசியாகச் சொன்னதில். அங்கே ஸ்பாக்னம் என்னும் பாசி நீரை உறிஞ்சிய பஞ்சு மெத்தையாகத் தரையை மூடியிருக்கும். பெரும்பாலும் மழைநீரையே நம்பியிருக்கும் அந்நிலத்தில், பாசி தன்னைச் சுற்றியுள்ள தாதுக்களை ஈர்த்துக்கொண்டு அமிலத்தன்மையைக் கூட்டுவதால், நீரின் பி.எச். அளவு (7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் மிகுதி) 4-ஐ ஒட்டி நிற்கும். மடிந்த பாசி முழுவதும் மக்காமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவில் படிந்து, சில மீட்டர் ஆழத்துக்குப் ‘பீட்’ எனப்படும் படுகையாகச் சேர்கிறது. சத்தற்ற இந்த இடத்தில் பூச்சியைப் பிடித்துப் பிழைக்கும் டிரோசீராவும், வெண்பஞ்சுக் குஞ்சம் தாங்கிய கோரையும் கண்ணில் பட்டால், கிரான்பெர்ரியைத் தேடுவதற்கு உரிய இடத்துக்கு வந்துவிட்டோம் எனக் கொள்ளலாம்.

செடியைக் காணக் குனிய வேண்டும். நூல்போன்ற தண்டு பாசியின்மேல் படர்ந்தோடும். ஆண்டு முழுவதும் உதிராத இலைகள் மிகச் சிறியவை. இளஞ்சிவப்புப் பூவின் நான்கு இதழ்களும் பின்னோக்கி வளைந்திருக்க, மகரந்தத் தாள்கள் கொக்கின் அலகுபோல் முன்னே நீண்டிருக்கும். ஆங்கிலப் பெயரின் முதற்பாதி கொக்கு இனப் பறவையைக் குறிப்பது இதனால்தான் என்பர். கனியோ, செடியின் மெலிவுக்குச் சற்றும் பொருந்தாத பருமன் கொண்டது. யாரோ கைதவறிப் பாசிமேல் சிந்திவிட்டுப் போனதுபோல் கிடக்கும்.

காட்டில் முக்கியமாக இரண்டு இனங்கள் உண்டு. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் வடபகுதிகளில் காணப்படும் வாக்சினியம் ஆக்ஸிகோக்கஸின் இலை நுனி கூராகவும், ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டும் இருக்கும். கிழக்கு வட அமெரிக்காவுக்குரிய வாக்சினியம் மேக்ரோகார்பானின் இலை சற்றுப் பெரியது, நுனி மழுங்கியது. ஐயம் எழுந்தால் பூக்காம்பைப் பார்ப்பது நல்லது: அதிலுள்ள இரண்டு சிற்றிலைகள் முன்னதில் சிவந்து மிகச் சிறுத்திருக்கும், பின்னதில் பச்சையாக, காம்பின் மேற்பகுதியில் இருக்கும்.

கட்டுரையாளர் ‘கிளைகளில் கொத்தாகத் தொங்கும்’ என்று எழுதியிருப்பது விபர்னம் என்ற வேறொரு புதரைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதற்கும் வழக்கில் கிரான்பெர்ரிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் இலை மூன்று மடல்களாகப் பிரிந்தது, கனியில் தட்டையான ஒரே விதைதான் உண்டு. கிரான்பெர்ரியோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு சிவப்புக் கனிச் செடியான லிங்கன்பெர்ரியை இலையின் அடிப்புறத்திலுள்ள கரும்புள்ளிகளே காட்டிக்கொடுத்துவிடும். இவற்றைவிடக் கவனமாக இருக்க வேண்டியது, அதே பாசிப்படுகையில் வளரும் ஆண்ட்ரோமீடாவிடம். ஓரம் சுருண்டு அடிப்புறம் வெளுத்த அதன் இலை கிரான்பெர்ரி இலையை நினைவூட்டும். ஆனால் அது நச்சுச் செடி. அது நிமிர்ந்து வளரும், இலை நீளமானது, சதைக்கனி தராது என்பவற்றைக் கொண்டு பிரித்தறியலாம்.

வண்ணப்படத்தைக் காட்டிலும் இத்தகைய விவரங்களே வாசகருக்குப் பயன்படும். அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடும்போது, பாசிமேல் படர்ந்த கொடியின் படத்தையும், விபர்னம் பற்றிய விளக்கத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்